எட்டடிச் சுவரும் என் கொழுந்தனாரும்

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண் சேற்றில் தவழவும், கயிற்று வலையில் தொங்கவும், எட்டடிப் பலகைச் சுவர் ஏறிக் குதிக்கவும் பெயர் கொடுக்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ பெரிய லட்சியம் இருக்கும் என்று நினைப்பீர்கள். என் விஷயத்தில் பின்னால் இருந்தது ஒரு கிடாவிருந்து.

எங்கள் ஊர் சாயல்குடிக்கு மேற்கே, உள்ளே தள்ளி இருக்கிறது. கணவருக்குக் கொஞ்சம் மிளகாய்க் காடு, ஒரு டிராக்டர். எனக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பூசி போடுவேன், காதில் எண் போட்ட வில்லை மாட்டுவேன், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவேன். கணவரின் தம்பி சாயல்குடியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு வயது இளையவர். காதுகுத்து, கல்யாணம், சடங்கு, சாவு என்று அந்த வட்டாரத்தில் எது நடந்தாலும் இருபதடிக்குப் பத்தடி அளவில் ஊருக்குச் சொல்வது அவர் தொழில். தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அளவு அதேதான்.

அன்று குலசாமி கோயிலில் கிடா வெட்டிச் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் எல்லோரும் கால் நீட்டிக் கிடந்தோம். கொழுந்தனார் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுச் சுற்றுக்கு விட்டார். எங்கோ வெளியூரில் நடந்த தடை ஓட்டம். வயிற்றில் கட்டம் கட்டமாகச் சதை வைத்திருந்தவர்கள் சேற்றில் விழுந்து எழுந்தார்கள், டயர்களுக்குள் புகுந்தார்கள், சுவர் ஏறினார்கள், கடைசியில் அழுதார்கள்.

“இந்த வருசம் நம்ம பக்கமே நடத்துறாக, மண்டபத்துக்கு இங்கிட்டு, கடக்கரைத் தோப்புல. நான் ஓடப் போறேன்” என்றார் கொழுந்தனார்.

சுற்றியிருந்த சனம் ஆகா என்றது. நாத்தனார் ஒருத்தி நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். எனக்கு வயிறு நிறையக் கறி, மண்டை நிறையத் தெம்பு. சும்மா இருந்திருக்கலாம்.

“இதுல என்ன இருக்கு? ஆட்டைப் பிடிக்க முள்ளுக்காட்டுக்குள்ள நான் தெனம் ஓடுறதுதான இது” என்றேன்.

“அப்ப நீங்களும் வாங்க மதினி!”

“வாரேன். அதுக்கென்ன.”

எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வருவதற்குள் அவர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். “மதினி, ஒங்க ரத்தம் என்ன வகை?”

“எதுக்கு?”

“ஃபாரத்துல கேக்குறாக. ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அண்ணன் நம்பரைப் போட்டுட்டேன். இந்தா, முடிஞ்சுருச்சு. நீங்களும் நானும் ஒரே பேட்ச்.”

அண்ணன், அதாவது என் கணவர், மரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது ஆனால் முதலில் தகவல் போக வேண்டிய மனிதர்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது ஸ்கூட்டி தானாக நின்றது. நான்தான் பிரேக் பிடித்திருக்க வேண்டும், ஞாபகமில்லை. நிறுத்தத்தின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பின்னால் ஒரு சிங்கத்தோடு. ‘தடைகளைத் தகர்க்கப் புறப்பட்ட எங்கள் குலவிளக்கே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.’ கீழே உறவினர் பட்டாளத்தின் தலைகள் தபால்தலை அளவில் வரிசையாக. என் படத்தை ஒரு காதுகுத்து ஆல்பத்திலிருந்து எடுத்திருந்தார்கள். அன்று என் மடியில் உட்கார்ந்து அழுத நாத்தனார் பிள்ளையை வெட்டியெடுத்துவிட்டு, அதன் கையை மட்டும் மறந்துவிட்டார்கள். பிறந்து ஒரு வருடம் ஆன ஒரு குட்டிக் கை, உடம்பில்லாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தடுப்பூசி முகாமில் ஒரு பெரியவர் தன் ஆட்டைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

“ஏம்மா, தேர்தல்ல நிக்கிறியளா?”

“இல்லய்யா.”

“போர்டு பாத்தேனே. என்ன சின்னம்?”

ஓட்டப்பந்தயம் என்று விளக்கினேன். அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். “தேர்தல்னா கூடச் செயிச்சுருவீக” என்று மட்டும் சொன்னார்.

பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அதுவரை அது ஒரு வீடியோ. இப்போது ஊருக்கே தெரிந்த காரியம்.

எனக்கு முள்ளைக் கண்டால் பயமில்லை. சேறு, தண்ணீர், முட்ட வரும் காளை எதுவும் என்னை அசைக்காது. உயரம்தான். ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அண்டா எடுக்க வேண்டுமென்றால்கூடக் கணவர் வரும்வரை காத்திருப்பேன். அந்த வீடியோவில் எட்டடிச் சுவர் ஒன்றும், அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் மூங்கில் கட்டித் தொங்கவிட்ட கயிற்று வலை ஒன்றும் இருந்தன. கறி சாப்பிட்டுவிட்டுப் பார்த்ததால் கண்ணில் படவில்லை போலும்.

யூடியூபில் ஒருவர் பதற்றத்தைப் போக்க வழி சொன்னார். கண்ணை மூடுங்கள், நீங்கள் ஏற்கெனவே உச்சியில் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள், வெற்றியின் காற்று முகத்தில் வீசட்டும். சமையலறையில் நின்றபடி கண்ணை மூடினேன். உச்சியில் நின்றேன். காற்று வீசியது. விழுந்தேன். கற்பனையில்கூட எனக்குப் பிடிமானம் இல்லை. இன்னொருவர் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும் வரை அடக்கி, நான்கு எண்ணும் வரை விடச் சொன்னார். அடக்கும் இடத்தில் குழம்பு பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துத் துடைத்து முடித்த பிறகுதான் மூச்சை இன்னும் விடவில்லை என்பது தெரிந்தது.

வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு நாள் டாக்டர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்து நின்றார்.

“என்னம்மா இது? வெள்ளாடு, பெட்டை, வயசு நாப்பத்தி மூணு.”

நான் எழுதியதுதான். அடித்துவிட்டு மூன்று என்று போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “ஓட்டம் என்னைக்கு?” என்று மட்டும் கேட்டார். போர்டை அவரும் பார்த்திருக்கிறார்.

இதிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு நல்ல வழி இருந்தது. கணவர் ‘போகக் கூடாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘எனக்கென்ன, நான் ரெடிதான், அவுகதான் விடமாட்டேங்குறாக’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இருபது வருட வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்துக்கு முட்டுக்கட்டை போட்டவர் இதற்குப் போடமாட்டாரா?

“ஏங்க, நான் இந்த ஓட்டத்துக்குப் போகவா?” என்று கேட்டேன்.

“போ.”

“போக வேண்டாம்னு தோணுது.”

“அப்பப் போகாத.”

“நீங்க என்ன சொல்றீக?”

“ஒன் இஷ்டம்.”

பெண்ணுரிமை எங்கள் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் நுழைந்தது, அதுவும் நான் கதவைச் சாத்தப் போன நேரம் பார்த்து.

மாமியாராவது கைகொடுப்பார் என்று பார்த்தேன். “ஏத்தா, சேத்துல பெரளணும்னா நம்ம ஊருணியில பெரண்டா ஆகாதா? அம்புட்டுத் தூரம் போயா பெரளணும்?” என்றார். நல்ல தொடக்கம்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “வேன் சொல்லியாச்சாம்ல? எனக்குச் சன்னலோரத்துல எடம் போடச் சொல்லு. அப்பிடியே தேவிபட்டணம் போயி நவகிரகத்தையும் கும்புட்டு வந்துரலாம்” என்றார்.

ஆக, பயிற்சி எடுப்பதென்று முடிவானது. சுவருக்கு நான் எங்கே போவேன்? பள்ளிக்கூடத்துச் சுவர் இருக்கிறது, ஆனால் ஏறி மாட்டிக்கொண்டால் தலைமையாசிரியர் பார்ப்பார். டிராக்டர் பெட்டியைக் களத்தில் நிறுத்தச் சொல்லி, பின்பலகையில் ஏறிப் பழகினேன். ஏறுவது ஒருவழியாக வந்தது. மேலே நின்று கீழே பார்த்ததும் பூமி ஒரு முழம் இறங்கிவிட்டது. குதிக்கவும் முடியவில்லை, வந்த வழியே திரும்பவும் முடியவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். டிராக்டரில் ஏறி, பெட்டியை வைக்கோற்போர் வரை ஓட்டிப்போய் ஒட்டி நிறுத்தினார். நான் போரில் சறுக்கி இறங்கினேன். பிறகு மூன்று நாள் அதே மாதிரிதான் பயிற்சி நடந்தது. பந்தயத்தில் வைக்கோற்போர் கிடையாது என்பதை இருவருமே பேசவில்லை.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது முடிவெடுத்தேன். கடைக்கே போய்க் கொழுந்தனாரிடம் நேராகச் சொல்லிவிடுவது. ‘தம்பி, எனக்குப் பயமா இருக்கு, நான் வரலை.’ ஸ்கூட்டியில் போகும்போது ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாக வந்தது.

கடைக்குள் மெஷினில் ஏதோ கண்ணீர் அஞ்சலி வரி வரியாக வெளியே வந்துகொண்டிருந்தது. இறந்தவரின் நெற்றி வரைக்கும் அச்சாகியிருந்தது. கொழுந்தனார் இளைத்திருந்தார். ஓடி ஓடி இளைத்திருப்பார் என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

“வாங்க மதினி. ஒங்க பனியன் வந்துருச்சு.” ஒரு டீ-சர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். நெஞ்சில் எழுதியிருந்த ஆங்கில வாக்கியத்துக்கு, வலிதான் வாழ்க்கை என்பது போல ஏதோ அர்த்தம். “மதினி, பயமா இருக்கா?”

இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

“எனக்கா? எனக்கு என்ன பயம்?” என்றேன்.

“அதான பாத்தேன். கண்டிப்பா வந்துருவீகள்ல?”

“வாரேன்னு சொன்னா வருவேன்.”

“இல்ல, கண்டிப்பா வந்துருவீகள்ல?”

இரண்டாவது தடவை அவர் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. என் பயத்தை மூடி வைப்பதற்கே இரண்டு கையும் போதவில்லை.

பந்தயத்தன்று காலை வேனில் எங்கள் இருவரையும் சேர்க்காமல் பதினேழு பேர், மூன்று தூக்குச்சட்டிப் புளிச்சோறு, ஒரு குடம் தண்ணீர். கீழக்கரை தாண்டும் வரை எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேன் பஞ்சராக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு வந்தேன். எங்கள் குலசாமிக்கு நான் வைத்த கோரிக்கைகளில் அதுதான் மிகச் சிறியது. அதையும் சாமி கண்டுகொள்ளவில்லை. நான்கு டயரும் கல் மாதிரி இருந்தன.

தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் வாடைக்காற்றில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. தோப்புக்குள் வண்ண வண்ணக் கொடிகள், ஒலிபெருக்கி, பழச்சாறு விற்கும் கூடாரம். மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் வந்த இளசுகள் ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் என் மாமியார் பாயை விரித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நான் சுடிதார் பேன்ட்டுக்கு மேல் அந்த டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “மேல ஒரு துண்டைப் போடுத்தா, பனி பிடிச்சுக்கிரும்” என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மேசையில் ஒரு பெண் தாளை நீட்டினாள். எனக்கு என்ன ஆனாலும் அவர்கள் பொறுப்பல்ல என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. என்னென்ன ஆகலாம் என்பதையும் விவரமாகப் போட்டிருந்தார்கள். நான் யோசித்தே இராத நான்கைந்து வழிகள் அதில் இருந்தன. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு போய்ச் சுவரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எட்டடி என்பது காகிதத்தில் ஒரு எண். நேரில் அது என் தலைக்கு மேல் இன்னும் பாதி ஆள் உயரத்துக்கு வழவழவென்று நின்றது. வலையோ தென்னை மரத்துக்குப் போட்டியாக இருந்தது. காற்றில் ஆடிக்கொண்டு வேறு இருந்தது. நான் கழிப்பறை வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நான்காவது தடவை போனபோது வாசலில் நின்ற காவலாளி வரிசையில் நிற்கச் சொல்லாமல் கதவைத் திறந்து விட்டார். அந்தத் தோப்பில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

“ஆர் யூ ரெடி, ராமநாதபுரம்?” என்று ஒலிபெருக்கி கத்தியது. “ரெடி!” என்று இளசுகள் கத்தினார்கள். எங்கள் வேன் கூட்டம் குலவை போட்டது. அடுத்ததாக எங்கள் பேட்ச்சை வரிசைக்கு வரச் சொன்னார்கள். கொழுந்தனாரைக் காணவில்லை.

கூடாரத்தில் இல்லை, வேனில் இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. எனக்குள் ஒரு பொல்லாத சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவர் வராவிட்டால் நானும் போக வேண்டியதில்லையே. அந்தச் சந்தோஷத்தோடுதான் தேடிப் போனேன்.

தோப்பின் ஓரத்தில் தண்ணீர் லாரி நின்றது. அதன் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனார்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது, இழுத்த மூச்சு உள்ளே போகிற மாதிரியே இல்லை. இரண்டு கையும் விரல் மடங்கி விறைத்திருந்தன. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், பல் கிட்டிக்கொண்டது.

யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கூப்பிட்டால் பதினேழு பேரும் வருவார்கள். அப்புறம் அவர் சாயல்குடியில் கடை நடத்திய மாதிரிதான்.

மிரண்ட மாட்டுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் போக வேண்டும், கத்தக் கூடாது, கை வைத்தால் எடுக்கக் கூடாது. பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை. யோசிக்காமலே உடம்பு செய்தது. அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மாமியார் சொன்னதற்காகக் கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்து அவர் தலையோடு போர்த்திக் கண்ணை மறைத்தேன். காளைக்கு அப்படித்தான் செய்வோம். ஒரு கையைப் பிடரியில் வைத்து அழுத்தி, மெதுவாகக் கீழே நீவினேன்.

“ஹோவ்… ஹோவ்… ஒண்ணுமில்ல. மெதுவா விடு. மொதல்ல வெளிய விடு, உள்ள இழுக்குறத அப்புறம் பாத்துக்கிருவோம். ஆங், அப்பிடித்தான். ஹோவ்…”

இருபது வருடமாக ‘வாங்க தம்பி, போங்க தம்பி’ என்று பேசிய ஆளை ‘விடு’ என்கிறேன். அவரும் விட்டார். ஐந்தாறு நிமிடம் இருக்கும். ஒலிபெருக்கி எங்கள் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு ஒரு கட்டுக்குள் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மதினி, போன வருசம் மதுரைப் பக்கம் நடந்துச்சுல்ல, அதுக்கும் போனேன்.”

“மழையில ரத்தாயிருச்சுன்னு சொன்னீக?”

“மழையே இல்ல. வாசல் வரைக்கும் போயிட்டு, இதே மாதிரி ஆயிப்போயி பஸ் ஏறிட்டேன்.” துண்டின் நுனியைத் திருகினார். “அதான் ஒங்களயும் சேத்து எழுதிவிட்டேன். தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருந்தா இப்பிடி ஆகாதுன்னு நெனச்சேன். நீங்க பின்வாங்கிரக் கூடாதேன்னுதான் போர்டும் அடிச்சேன்.”

எனக்கு அவரை அந்த லாரிச் சக்கரத்தில் வைத்துக் கட்டலாம் போல வந்தது. என்னுடைய மூன்று வாரத் தூக்கம், பொங்கிப்போன குழம்பு, நாற்பத்து மூன்று வயது வெள்ளாடு, எல்லாம் இந்த மனிதனின் துணைக்காக! திட்டுவதற்குத்தான் கையை நீட்டினேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். காலையில் கையெழுத்துப் போடும்போது ஆடிய கை, இப்போது ஆடவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர் பிடரியில் கை வைத்த பிறகு என் பயத்தைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

“எனக்கும் பயம்தான் தம்பி. நாலு தடவ போயிட்டு வந்துட்டேன்” என்றேன்.

துண்டை விலக்கி என்னைப் பார்த்தார். “நெசமாவா?”

“வாசல்ல நிக்கிற ஆளைக் கேளுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. எழுந்து முகம் கழுவினார். எங்கள் பேட்ச் ஓடிப் போயிருந்தது. அடுத்த பேட்ச்சோடு கெஞ்சிச் சேர்ந்துகொண்டோம்.

ஓட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. டயரும் சேறும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பனந்தடியைத் தோளில் சுமந்து மணலில் நடக்கச் சொன்ன இடத்தில், சதைக்கட்டு வைத்த இளசுகள் தடியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாற, நாங்கள் அவர்களில் இரண்டு பேரை முந்தினோம். அவ்வளவுதான் எங்கள் வீரம். சுவர் வந்தது.

ஓடிவந்து எகிறினேன், விரல் நுனி மட்டும் விளிம்பைத் தொட்டது. மறுபடி எகிறினேன், அதுவும் தொடவில்லை. பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் பதினேழு பேரும் வந்து நின்றுவிட்டார்கள். கொழுந்தனார் சுவரில் கையை ஊன்றிக் குனிந்தார்.

“தோள்ல கால வையுங்க மதினி.”

“அத்த பாக்குறாக!”

“பாக்கட்டும். வையுங்க.”

கணவருடைய உடன்பிறப்பின் தோளில், சொந்தம் அத்தனை பேரும் பார்க்க, சேற்றுக்காலை வைப்பது எப்படி? குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமி சிலையில் ஏறுகிற மாதிரி ஏறினேன். “ஏத்தா, பாத்துத்தா! அவன் எலும்பு!” என்று மாமியார் குரல் கேட்டது. விளிம்பில் வயிறு பட்டது. மறுபக்கம் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள், விழுந்தேன் என்பதே சரியான சொல். மணல் மெத்தென்று இருந்தது. எனக்குப் பின்னால் கொழுந்தனார் எகிறி விளிம்பைப் பிடித்து ஏறி வந்தார்.

வலையில்தான் நின்றுவிட்டேன். ஏறும்போது மேலே பார்த்தபடி ஏறிவிட்டேன். உச்சி மூங்கிலில் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டதும் கடல் தெரிந்தது, தோப்பு தெரிந்தது, மாமியாரின் பாய் ஒரு வெற்றிலை அளவுக்குத் தெரிந்தது. இரண்டு கையும் கயிற்றோடு ஒட்டிக்கொண்டன. எனக்குப் பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்தனார் ஏற்கெனவே கீழே பாதி தூரம் போயிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், திரும்பி மேலே ஏறி வந்தார்.

“கீழ பாக்காதீக மதினி.”

“பாத்துட்டேன்.”

“சரி, கண்ண மூடுங்க. நான் சொல்றேன். எடது கால எறக்குங்க. இன்னும் கொஞ்சம். கயிறு இருக்கா?”

“இருக்கு.”

“நில்லுங்க. இப்ப வலது. இங்கன, என் கைக்குப் பக்கத்துல. ஆங். அப்பிடித்தான்.”

அந்த ‘ஆங், அப்பிடித்தான்’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னை மாடாக்கிவிட்டார் என்று கோபப்படக்கூட அப்போது முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு கயிறாக இறங்கினேன். இடையில் ஒருமுறை அவர் பேசாமல் இருந்ததும், “பேசுங்க தம்பி, எதையாச்சும் பேசுங்க” என்று கத்தினேன். பேச அவருக்கு வேறெதுவும் அகப்படவில்லை போலும், ஃபிளெக்ஸ் விலை சொல்ல ஆரம்பித்தார். எட்டுக்கு நாலு, பத்துக்கு ஆறு, கம்பி அடித்தால் தனி. பன்னிரண்டுக்கு எட்டில் என் கால் மணலைத் தொட்டது.

முடிவுக்கோட்டைத் தாண்டும்போது எங்களுக்குப் பின்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கால் சுளுக்கு. கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள், வந்த எல்லோருக்கும் அதே பதக்கம்தான். கணவர் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து என்னை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிராக்டர் வாங்கும்போதும் அப்படித்தான் சுற்றிப் பார்த்தார்.

“எங்கயும் அடிபடலையே?”

“இல்ல.”

“நீ மேல இருந்தப்ப என்னாலதான் பாக்க முடியல” என்றார். அவர் சட்டைப்பையில் போன் வைத்திருந்தார், கை அதன் மேலேயே இருந்தது. ஏதாவது ஆனால் தகவல் வர வேண்டிய எண்.

கடலில் இறங்கிச் சேற்றைக் கழுவிவிட்டு, மாமியார் ஆசைப்படி தேவிபட்டணம் போய், எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம். என் உடம்பில் எந்த இடம் வலிக்கவில்லை என்று தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேன் ராமநாதபுரம் தாண்டியதும் நாத்தனார் ஆரம்பித்தாள்.

“ஆமா, ஒங்க நம்பரை அத்தன தடவ மைக்குல கூப்புட்டாக, ரெண்டு பேரும் எங்க போயிருந்தீக? அடுத்த கூட்டத்தோடயில்ல ஓடுனீக?”

முன்சீட்டில் கொழுந்தனாரின் கழுத்து விறைத்தது. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். இருபதடிக்குப் பத்தடியில் ஒரு கதை வரும் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

“நான்தான். பயத்துல வயித்தக் கலக்கிருச்சு. தம்பி வெளிய காத்துக்கிட்டு நின்னாரு” என்றேன்.

வேனே சிரித்தது. மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அந்த வீறாப்பு பேசுன வாயி!” என்று நாத்தனார் என் கன்னத்தில் இடித்தாள். சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்பதால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கொழுந்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. சாயல்குடி முக்கில் இறங்கும்போது மட்டும் என் சன்னல் பக்கம் வந்து நின்றார்.

“மதினி, அடுத்த வருசம்…”

“வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றேன் கணவரிடம்.